ஊர் பார்த்த வயிறு

சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்தபோது சர்ஜரி படிக்கும் உங்களில் ஒருவர் சலித்துக்கொண்டார். "மேடம், சர்ஜரியில சேர்ந்த நாள்ல இருந்து ஹெர்னியாதான் பண்ணிக்கிட்டிருக்கோம். பெரிய கேஸ் ஒண்ணும் வர மாட்டேங்குது." கூட வந்த நீங்களும் தலையாட்டினீர்கள். அன்று காபி கொடுத்து அனுப்பிவிட்டேன், பதில் சொல்லவில்லை. இப்போது சாவகாசமாக எழுதிச் சொல்கிறேன்.

என் பணிக்காலத்தின் பெரும்பகுதி விருதுநகரில் கழிந்தது. அங்கே ஹெர்னியாவுக்குப் பஞ்சமே இல்லை. பருப்பு மூட்டையும் மிளகாய் வற்றல் மூட்டையும் சுமக்கிறவர்கள், சிவகாசிப் பக்கம் லாரியில் பட்டாசுப் பெட்டி ஏற்றுகிறவர்கள், வருடக்கணக்கில் இருமிக்கொண்டே இருக்கிறவர்கள் என்று வெளிநோயாளிப் பிரிவு வாசலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் ஒன்றுதான். சைக்கிள் டயரில் கிழிசல் விழுந்தால் உள்ளே இருக்கும் டியூப் பிதுங்கும் அல்லவா? அதுபோல வயிற்றுச் சுவரில் பலம் குறைந்த இடத்தில் குடல் பிதுங்குகிறது. படுத்தால் உள்ளே போகும், எழுந்தால் வெளியே வரும். மாத்திரை சாப்பிட்டால் கிழிசல் மூடாது. பெல்ட் போட்டு இறுக்கினாலும் மூடாது. தைத்துத்தான் மூட வேண்டும். தேவைப்பட்டால் ஒரு வலையை வைத்துப் பலப்படுத்த வேண்டும். ஆறப்போடக்கூடாதா என்று கேட்பார்கள். சில நேரம் போடலாம். ஆனால் பிதுங்கிய குடல் ஒருநாள் உள்ளே போகாமல் அங்கேயே சிக்கிக்கொண்டால், ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகத் தொடங்கிவிடும். அப்போது ஆறப்போட நேரம் இருக்காது.

இதெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நான் சொல்லப்போவது முத்துமாரியைப் பற்றி. பெயரை மாற்றியிருக்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒரு தீபாவளி சீசன். மத்தியானம் வெளிநோயாளிகளைப் பார்த்து முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். பிரசவப் பிரிவிலிருந்து செவிலியர் ஒருவர் வந்தார். அங்கே மருத்துவர் சிசேரியனில் இருக்கிறார், ஒரு பெண் மோசமாக வாந்தி எடுக்கிறாள், நீங்கள் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். போனேன்.

நடையில் என்னை மறித்துக்கொண்டு ஒரு அம்மாள் நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. பெயர் அங்கம்மாள். ஆமத்தூர்ப் பக்கத்து ஊர்.

"டாக்டரம்மா, ஒரு நிமிசம் இங்கன வாங்க" என்று என்னைச் சுவரோரமாக அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உள்ள படுத்திருக்கிறது என் மருமக. எம்மகன் மஞ்சக்காமாலையில போயி மூணு வருசமாச்சு. இப்ப இவளுக்கு வயிறு வந்திருக்கு. யாரு என்னன்னு நான் கேக்கல, நீங்களும் கேக்காதீக. கலைச்சு விட்டுருங்க. உசுருக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாது. ஒரு பொம்பளப் பிள்ள வச்சிருக்கா."

கோபமோ அழுகையோ இல்லாமல் சொன்னார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைப் போல இருந்தது.

திரைக்கு உள்ளே போனேன். முத்துமாரிக்கு முப்பது வயது இருக்கலாம். ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டிருந்தாள். நாக்கு வறண்டு பாளம் பாளமாக இருந்தது. நாடித்துடிப்பு வேகமாக ஓடியது. தட்டில் கிடந்த வாந்தியைப் பார்த்ததும், அதன் நாற்றத்தை உணர்ந்ததும், இது கர்ப்பகால வாந்தி இல்லை என்று தெரிந்துவிட்டது. சேலைக்கு அடியில் பழைய வேட்டித் துணியைப் பட்டையாகக் கிழித்து வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள். நானும் செவிலியரும் அதை அவிழ்த்தோம்.

தொப்புளுக்குக் கீழே செங்குத்தாக ஒரு பழைய தையல் தழும்பு. அகலமாக, சுருக்கம் விழுந்து, ஒழுங்கில்லாமல் ஆறிய தழும்பு. அதன் மேலேயே ஒரு பெரிய வீக்கம். தோல் சிவந்து பளபளத்தது. கை வைத்ததும் அவள் பல்லைக் கடித்தாள்.

"எப்ப இருந்து இருக்கும்மா?"

"ரெம்ப நாளா இருக்கு டாக்டர். படுத்தா உள்ள போயிரும். எந்திரிச்சா வந்துரும். நேத்துல இருந்து போக மாட்டேங்குது."

"யாருகிட்டயும் காட்டலையா?"

"என்னத்தக் காட்ட? சேலைய அவுத்துல்ல காட்டணும்."

அவள் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தாள். காலையில் கம்பெனி வேன் வந்து ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து பெட்டிக்குள் வெடி அடுக்கி லேபிள் ஒட்டுவது, அடுக்கிய பெட்டிகளைத் தூக்கி ஓரமாக வைப்பது. வீக்கம் பெரிதாகப் பெரிதாக வேனில் பேச்சு கிளம்பியிருக்கிறது. எத்தனை மாசம் என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்டது இவள் காதில் விழுந்திருக்கிறது. அன்றைக்குத்தான் துணியைக் கட்டத் தொடங்கினாள். தன் வயிற்றில் இருப்பது புற்றுக்கட்டி என்று அவளாகவே முடிவு செய்து வைத்திருந்தாள். முந்தின நாள் வேனில் வாந்தி எடுத்ததும் பேச்சு வலுத்துவிட்டது. புருஷன் இல்லாத பெண், மேடிட்ட வயிறு, வாந்தி. ஊருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் இந்த வயதுப் பெண் யாராக இருந்தாலும் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது என்பதற்காக அந்தக் கேள்வியை விட்டுவிட முடியாது. கடைசியாக எப்போது வீட்டுக்குத் தூரமானாய் என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "நீங்களுமா டாக்டர்?"

"எல்லாப் பொம்பளைங்ககிட்டயும் கேக்குறதுதாம்மா. மயக்க மருந்து குடுக்கணும்னா தெரியணும். கலெக்டர் வீட்டம்மா வந்து படுத்தாலும் கேட்பேன்."

பதில் சொன்னாள். செவிலியர் சிறுநீரைச் சோதித்துவிட்டு இல்லை என்று தலையசைத்தார்.

நான் அவள் காதருகே குனிந்து, கட்டியும் இல்லை, வேறு எதுவும் இல்லை, குடல் வெளியே வந்து சிக்கிக்கொண்டிருக்கிறது, இப்போதே திறந்து சரி செய்தால் பிழைத்துக்கொள்வாய் என்று சொன்னேன். புற்று இல்லை என்றதும் அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. உடனே அது போய்விட்டது.

"ஆப்பரேசன் வேண்டாம் டாக்டர்."

மறுப்பு எனக்குப் புதிதல்ல. பயத்தால் மறுப்பார்கள், நல்ல நாள் பார்க்க வேண்டும் என்பார்கள், ஊரிலிருந்து அண்ணன் வரட்டும் என்பார்கள். இவள் சொன்ன காரணத்தை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் கேட்டதில்லை.

"வயித்தோட ஆசுபத்திரிக்குப் போனா, வத்துன வயித்தோட திரும்பி வந்தான்னா எங்க தெருவுல என்ன சொல்லுவாக? இப்பமாவது சந்தேகமாத்தான் பேசுதாக. ஆப்பரேசன் பண்ணிட்டுப் போய் நின்னா, கலைச்சுட்டு வந்துட்டான்னு முடிவே பண்ணீருவாக. எம்மக வளர்ற பிள்ள. நாளைக்கு அவளையும் சேத்துப் பேசுவாக." மூச்சு வாங்கியது. "நான் செத்துப்போனா அறுத்துப் பாப்பீகல்ல? அப்ப எல்லாருக்கும் தெரியட்டும்."

மயக்க மருத்துவர் வந்திருந்தார். அவளுடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். "மாமியார் கையெழுத்துப் போடத் தயாரா இருக்காங்க. இந்தப் பொண்ணு இன்னும் கொஞ்ச நேரத்துல சுயநினைவோட இருக்குமான்னே தெரியல. வாங்கிட்டு உள்ள கொண்டு போயிரலாம் மேடம்." அவர் நல்ல மனிதர். அவருடைய கவலை முழுக்க அந்த ரத்த அழுத்தத்தின் மேல் இருந்தது. ஆனால் முத்துமாரி தெளிவாக இருந்தாள். என்ன நடக்கிறது, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று புரிந்துதான் மறுக்கிறாள். அப்படி ஒருத்தி உயிரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, அவளுக்குப் பதிலாக இன்னொருவரிடம் கையெழுத்து வாங்கக்கூடாது. மேலும் அவள் உடம்பு இருந்த நிலையில் நேராக மயக்கம் கொடுக்கவும் முடியாது. மூக்கில் குழாய் போட வேண்டும், வறண்ட உடம்புக்குச் சலைன் ஏற வேண்டும். அது ஏறுகிற நேரம் எனக்கு இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். அவளும் குழாய்க்கும் சலைனுக்கும் சம்மதித்தாள்.

கட்டிலருகே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உன் மகளுக்கு அம்மா வேண்டாமா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். அவள் அதை யோசிக்காமலா இருந்திருப்பாள்? அந்த மகளுக்காகத்தானே மறுக்கிறாள். தெரு என்ன பேசும் என்பதைப் பற்றி நான் அவளுக்கு எந்த வாக்கும் கொடுக்க முடியாது. கொடுத்தால் அது பொய்.

"மாரி, ஊருல எல்லாரும் நம்பணும்னா நடக்காது. யாரு ஒருத்தர் நம்புனா உனக்குப் போதும்?"

அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"எங்க அத்த" என்றாள். "மத்தவக பேசுனது காதுலதான் விழுந்துச்சு. இவுகளே நம்பி இந்தப் பிரசவ வார்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாகளேன்னுதான் டாக்டர். ஒரே தட்டுல சாப்பிட்டிருக்கோம்."

"அவங்களை உள்ள கூப்பிட்டுக் காட்டட்டுமா? உன் உடம்பு. நீ சரின்னா மட்டும்தான்."

தலையசைத்தாள்.

அங்கம்மாள் உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். நான் நீளமாக எதையும் விளக்கவில்லை. போர்வையை விலக்கித் தழும்பைக் காட்டி, "இது என்ன தையல் தெரியுதா?" என்று மட்டும் கேட்டேன்.

குனிந்து பார்த்தார். "பிள்ளப்பேறு தையலு. சீப்பிடிச்சு ஒரு மாசம் ஆறவே இல்ல. நாந்தான வெந்நி வச்சுத் தொடச்சு விட்டேன்."

"அதேதான். அப்ப மேல் தோல் ஆறிருச்சு, உள் சதை சேரல. அந்த இடைவெளி வருஷக்கணக்கா விரிஞ்சு, இப்ப குடல் அது வழியா வெளிய வந்து மாட்டிக்கிச்சு. அதுதான் இந்த வீக்கம். அதுதான் வாந்தி."

அவர் கையை நீட்டி வீக்கத்தின் ஓரத்தை விரல் நுனியால் தொட்டார். முத்துமாரி சுருங்கினாள்.

"அப்ப பிள்ள இல்லையா?"

"இல்லம்மா."

அங்கம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு மாசமா மனசுக்குள்ளயே கணக்குப் போட்டுக்கிட்டுக் கெடந்தேனே தாயீ. யாரா இருக்கும், எவனா இருந்தாலும் வந்து கட்டிக்கிட மாட்டானான்னு கூட நெனச்சேன். கோயிலுக்குப் போயி அதைத்தான் வேண்டிக்கிட்டேன்."

"என்னய ஒரு வார்த்த கேட்டீகளா?" முத்துமாரியின் குரல் மூக்குக் குழாயோடு கரகரத்தது.

"எப்பிடிக் கேப்பேன்? கேட்டா நீ பிள்ளையத் தூக்கிட்டு வீட்ட விட்டுப் போயிருவன்னு பயந்தேன். எனக்கு வேற யாரு இருக்கா?"

முத்துமாரியின் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. என்னிடம், "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டாள். போட்டாள். மாமியார் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

அறுவை அரங்கில் நடந்ததை விவரிக்க மாட்டேன். சிக்கிய குடலில் ஒரு சாண் நீளம் கருத்துப் போயிருந்தது. சூடான ஈரத்துணியால் மூடிக் காத்திருந்து பார்த்தேன், நிறம் திரும்பவில்லை. அதை வெட்டி எடுத்துவிட்டு நல்ல முனைகளைச் சேர்த்தேன். அதற்குப் பிறகுதான் உண்மையான தீர்மானம் எடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய இடைவெளியை வலை வைத்துப் பலப்படுத்தாமல் வெறுமனே தைத்தால், திரும்பப் பிதுங்க வாய்ப்பு அதிகம். ஆனால் அழுகிய குடலைக் கையாண்ட வயிற்றில் அந்நியப் பொருளை வைத்து அதில் சீழ் பிடித்தால், அவள் பாடு இன்னும் மோசமாகும். ஒருமுறை சீழ் பிடித்ததன் பலன்தானே என் கண் முன்னால் கிடக்கிறது? வலை வைக்கவில்லை. முழுமையான சிகிச்சையைச் செய்து முடித்தோம் என்ற திருப்தி நமக்கு வேண்டியிருக்கும். நோயாளிக்கு அன்று வேண்டியது உயிர். மற்றதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

வெளியே வந்து அங்கம்மாளிடம் இதைச் சொன்னேன். "திரும்ப வரலாம்மா. வந்தா மறுபடி ஆப்பரேசன் பண்ண வேண்டியிருக்கும்."

"அது வந்தா வரட்டும். இவ வீட்டுக்கு வரட்டும் முதல்ல" என்றார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, குடல் வேலை செய்யத் தொடங்கி அவள் கஞ்சி குடிக்க ஆரம்பித்திருந்தாள். நான் வார்டில் சுற்று வந்துகொண்டிருந்தேன். வேனில் கூட வரும் ஒரு பெண் ரொட்டிப் பாக்கெட்டோடு பார்க்க வந்திருந்தாள். முத்துமாரி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். வந்தவள் அங்கம்மாளின் தோளைத் தொட்டு, "சுத்தம் பண்ணியாச்சா மதினி?" என்று தணிந்த குரலில் கேட்டாள். அவள் தணித்த குரல் நாலு கட்டில் தள்ளி நின்ற எனக்கே கேட்டது.

அந்தப் பெண்ணிடம் போய் வார்டுக்கே கேட்கும்படி சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. இரண்டு அடி எடுத்தும் வைத்துவிட்டேன். முத்துமாரி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, வேண்டாம் என்பது போலக் கையை லேசாக ஆட்டினாள். நின்றேன். ஒரு நோயாளியின் வயிற்றுக்குள் என்ன இருந்தது என்பதை ஊருக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அது அவளுக்கு நல்ல பெயர் வாங்கித் தரும் செய்தியாகவே இருந்தாலும். யோசித்துப் பாருங்கள். கர்ப்பம் இல்லை என்று இன்று இவளுக்காக நான் முழங்கினால், நாளைக்கு உண்மையிலேயே கர்ப்பமாக வரும் பெண்ணுக்காக நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த மௌனத்துக்கு ஊர் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்ளும்?

நான் பேசாமல் நின்றபோது அங்கம்மாள் எழுந்தார். தணிந்த குரலில் பேசவில்லை.

"ஏத்தா, அவ வயித்துல இருந்தது கொடலு. பிள்ளப்பேறு தையலு விட்டுப்போயி கொடலு வெளிய வந்து அழுகிருச்சு. அதப் பிள்ளன்னு முதல்ல நெனச்சவ நாந்தான். நீங்கள்லாம் எனக்குப் பெறவுதான். யாருக்கு என்ன கேக்கணுமோ எங்கிட்ட வந்து கேக்கச் சொல்லு. அவள ஒருத்தரும் கேக்கக் கூடாது."

வந்தவள் ரொட்டிப் பாக்கெட்டை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு முத்துமாரியின் கால்மாட்டில் உட்கார்ந்து அவளுடைய பாதத்தைப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.

வீட்டுக்குப் போகும்போது சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கனம் தூக்கக் கூடாது, குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, இருமல் வந்தால் உடனே வந்து காட்ட வேண்டும், மலச்சிக்கல் வரவிடக் கூடாது. இதையெல்லாம் நோயாளியிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. வீட்டில் யார் தண்ணீர் எடுப்பார்கள் என்று கேளுங்கள். அந்த ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லுங்கள். "தண்ணிய நான் பாத்துக்கிடுறேன்" என்றார் அங்கம்மாள். முத்துமாரி அப்போதும் அவரிடம் அதிகம் பேசவில்லை. பையை மட்டும் அவரிடம் கொடுத்துவிட்டு மெதுவாக நடந்து போனாள்.

அடுத்த ஆண்டு தீபாவளி முடிந்த பிறகு திரும்பி வந்தாள். தழும்பின் கீழ் முனையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம். நான் எதிர்பார்த்ததுதான். இந்த முறை துணி கட்டி மறைக்கவில்லை. தெரிந்ததுமே கம்பெனியில் சொல்லியிருக்கிறாள். பெட்டி தூக்காத வேலைக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். படுத்தால் உள்ளே போய்விடுகிறது, வலி இல்லை, வாந்தி இல்லை. அவசரம் இல்லாத, சுத்தமான வயிறு. தாராளமாக வலை வைக்கலாம். உங்களுக்குச் சலிப்பூட்டுகிறதே, அந்தச் சாதாரண ஹெர்னியாவாக அவள் வந்திருந்தாள். ஒரு நோயாளி சாதாரணக் கேஸாக வந்து சேர்வதற்குள் என்னென்ன நடந்து முடிந்திருக்க வேண்டும் என்பது, கட்டிலில் படுத்திருப்பவரைப் பார்த்தால் நமக்குத் தெரிவதில்லை. அதனால்தான் இதை எழுதினேன்.

இரண்டாவது அறுவை நாளன்று காலை அரங்கின் வாசலில் அவளைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். நகையெல்லாம் கழற்றிவிட வேண்டும் என்று செவிலியர் சொன்னார். அவளிடம் இருந்தது ஒரு ஜோடிக் கம்மல்தான். படுத்தபடியே கழற்றினாள். அங்கம்மாள் கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"அத்த, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் முத்துமாரி. "அன்னைக்கு அது பிள்ளையாவே இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீக?"

அங்கம்மாள் யோசிக்கவில்லை. "என்ன பண்ணச் சொல்லுத? இதே மாதிரிதான் வாசல்ல நின்னிருப்பேன்."

முத்துமாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கம்மல் இரண்டையும் அவருடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"பத்திரம், திருகாணி லூசா இருக்கு" என்றாள். வண்டியை உள்ளே தள்ளினார்கள்.